அவர்களுக்கு உடுத்தினார்

ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் சர்ப்பம் பேசுகிறது, ஏவாள் கனியைப் பறிக்கிறாள், ஆதாம் புசிக்கிறான், இருவரும் மரங்களுக்குள்ளே ஒளிகிறார்கள், சாபங்கள் வருகின்றன, கேருபீன்களும் சுடரொளிப் பட்டயமும் தோட்டத்தின் வழியை அடைக்கின்றன. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இத்தனையும் ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடமாகிவிடும். சாபங்களுக்கும் துரத்தலுக்கும் நடுவில் ஒரு வசனம் ஒதுங்கி நிற்கிறது. 21ஆம் வசனம்: "தேவனாகிய கர்த்தர் ஆதாமுக்கும் அவன் மனைவிக்கும் தோல் உடைகளை உண்டாக்கி அவர்களுக்கு உடுத்தினார்."

இதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழுப் பிரசங்கம் செய்தவரை நான் கேட்டதில்லை. தொட்டுப் பேசுகிறவர்களும், தோலுக்காக ஒரு மிருகம் செத்திருக்க வேண்டும், அதுதான் முதல் பலி, சிலுவைக்கு அது முன்னடையாளம் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அந்த விளக்கத்தோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அதற்குப் போகும் முன் நின்று பார்க்க வேண்டிய காட்சி ஒன்று இங்கே இருக்கிறது. வேர்வை சிந்தித்தான் சாப்பிடுவாய், வேதனைப்பட்டுத்தான் பெறுவாய், மண்ணுக்குத்தான் திரும்புவாய் என்று தீர்ப்புச் சொன்ன அதே கடவுள், உடனே உடை தயாரிக்கிறார். தயாரித்துக் கையில் கொடுத்து அனுப்பவில்லை, அவரே உடுத்திவிடுகிறார். குற்றவாளிகள் என்று தீர்ந்துபோன இருவரின் கைகளைத் தூக்கச் சொல்லி, தலை வழியாக உடையை இறக்கி, தோளில் சரிசெய்துவிடும் கடவுள். வேதாகமத்தின் முதல் பக்கங்களிலேயே அவர் இப்படி வருகிறார்.

என் அம்மா தையல்காரி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் தையல் கடை. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள் கூச்சப்படுவார்கள். வயிறு விழுந்துவிட்டது, கை தடித்துவிட்டது, பழைய அளவு இனிமேல் ஆகாது என்று அவர்களாகவே சொல்லித் தலையைக் குனிந்துகொள்வார்கள். அம்மா எதற்கும் பதில் சொல்ல மாட்டாள். நாடாவை வைப்பாள், எண்ணைக் குறித்துக்கொள்வாள், நாளைக்கழித்து வாருங்கள் என்பாள். ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவரிடம் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. இந்த வசனத்தைப் பற்றி அவளிடம் கேட்டபோது, கர்த்தருக்கு அளவெடுக்கும் வேலை இல்லை, உருவாக்கினவரே அவர்தானே என்றாள். அதன் பிறகுதான் ஆதாம் ஏவாள் ஓவியங்களை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

ஊசிக்கோபுரம் என்று ஊர் அழைக்கும் தூய திரித்துவப் பேராலயம் 1826இல் எழுந்தது. அதுவும் எங்கள் சீர்திருத்தச் சபையின் மற்றக் கோயில்களும் சுவரில் படம் வைத்து வளர்ந்தவை அல்ல. சிலுவையும் வசனப் பலகையும்தான் எங்களுக்குப் பழக்கம். ஆதிப் பெற்றோர் எங்களிடம் காலண்டரிலும் ஓய்வுநாள் பள்ளிப் படச் சுருளிலும்தான் வந்தார்கள். அந்தப் படங்களில் ஏவாளுக்கு இடுப்பு வரை பொன்னிறக் கூந்தல், ஆதாமுக்கு மழித்த முகம், மரத்தில் சிவப்பு ஆப்பிள். வேதாகமம் அந்தக் கனிக்குப் பெயரே சொல்லவில்லை என்பதைப் பெரியவளாகித்தான் கவனித்தேன். அந்தக் காலண்டர்களின் மூதாதையரைத் தேடிப் புத்தகங்களிலும் இணையத்திலும் பின்னோக்கிப் போனபோது, என்னைத் தடுத்து நிறுத்தியது உடைப் பிரச்சினைதான்.

வசனங்களின் வரிசையைப் பாருங்கள். 21இல் கடவுள் உடுத்துகிறார். அதன் பிறகுதான், 23இலும் 24இலும், தோட்டத்தை விட்டு அனுப்பிவிடுகிறார். வெளியே போகும்போது அவர்கள் உடுத்தியிருந்தார்கள். ஆனால் மசாச்சோ 1420களில் ஃபிளாரன்ஸின் பிரான்காச்சி சிற்றாலயச் சுவரில் வரைந்த துரத்தலில் இருவரும் முழு நிர்வாணம். ஆதாம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். ஏவாள் உடம்பை மறைத்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, வாய்விட்டுக் கதறுகிறாள். கலை என்று பார்த்தால் அதற்கு ஈடாக மிகக் குறைவாகத்தான் இருக்கும். மைக்கேலாஞ்சலோவும் 1508 முதல் 1512 வரை வரைந்த சிஸ்டைன் கூரையில் அவர்களை நிர்வாணமாகவே துரத்துகிறார். வசனம் தெரியாதவர்கள் அல்லர் இவர்கள். அவமானத்தை வரைய வேண்டும் என்ற வேகத்தில், அவமானத்தை மூடிய கையை விட்டுவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

பிற்காலத்தவர்கள் செய்தது அதைவிட மோசம். 1680 வாக்கில் மசாச்சோவின் ஓவியத்துக்கு இலை வரைந்து ஒட்டுப்போட்டார்கள். முந்நூறு ஆண்டுகள் அந்த இலை இருந்தது; 1980களில் நடந்த சீரமைப்பில்தான் அது நீங்கியது. பெல்ஜியத்தின் கென்ட் நகரப் பேராலயத்தில் வான் எய்க் சகோதரர்களின் 1432ஆம் ஆண்டுப் பெரிய பீட ஓவியத்தில் ஆதாமும் ஏவாளும் மேல்வரிசையின் இரு ஓரங்களில் நிற்கிறார்கள். 1781இல் அங்கு வந்த பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் கண்ணுக்கு அவர்கள் ஆகவில்லை. அந்த இரண்டு பலகைகளும் எடுத்து வைக்கப்பட்டன. 1860களில் அந்த இடத்துக்கு வேறு ஓர் ஓவியர் புதிய பலகைகள் வரைந்தார். அவற்றில் இருவருக்கும் தோல் உடை! கையில் கனி இன்னும் இருக்கிறது, உடம்பில் 21ஆம் வசனத்தின் உடை வந்துவிட்டது. கடவுள் இரக்கத்தால் கொடுத்ததைப் பார்வையாளர்களின் சங்கடத்துக்கு மருந்தாக்கிவிட்டார்கள். உடுத்துவது வேறு, மூடி மறைப்பது வேறு. அம்மாவின் கடையில் வளர்ந்தவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காட்சியை நேராக வரைந்தவர்களும் உண்டு, கொஞ்சம் பேர்தான். வெனிஸில் புனித மாற்கு பேராலயத்தின் முன்மண்டபக் கவிகை ஒன்றில், 13ஆம் நூற்றாண்டு மொசைக்கில், படைப்புக் கதை வளையம் வளையமாகச் சுற்றி வருகிறது. அதில் ஆதாம் ஏற்கெனவே உடுத்தி நிற்கிறான். தாடியில்லாத இளைஞராக வரும் படைத்தவர் ஏவாளுக்கு அங்கியை அணிவித்துக்கொண்டிருக்கிறார். 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டின் ஓர் ஓவியச் சுவடியைப் பார்த்து அந்த மொசைக்கைச் செய்தார்கள். அந்தச் சுவடி 1731இல் இங்கிலாந்தில் ஏற்பட்ட தீவிபத்தில் கருகித் துண்டு துண்டாகிவிட்டது. கல்துண்டுகளில் தப்பிய இந்தக் கை மட்டும் போதும் எனக்கு.

ரெம்பிராண்ட் இந்தக் காட்சியை வரையவில்லை. ஆனாலும் அவருடைய 1638ஆம் ஆண்டு செதுக்கோவியத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. அதில் ஆதாமும் ஏவாளும் அழகர்கள் அல்லர். தொங்கும் வயிறு, தடித்த இடுப்பு, குழம்பிய முகம். அம்மாவிடம் அளவு கொடுக்க வரும் உடம்புகள். பின்னணியில் சின்னதாக ஒரு யானை நிற்கிறது. அந்த ஆண்டுகளில் இலங்கையிலிருந்து போன ஹான்ஸ்கென் என்ற பெண் யானையை அவர் ஆம்ஸ்டர்டாமில் பார்த்து வரைந்திருந்தார். நம் கடலுக்கு அக்கரையில் பிறந்த யானை ஏதேன் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இலைக்கு வருகிறேன். "அத்தியிலைகளைத் தைத்து, தங்களுக்கு அரைக்கச்சைகளை உண்டுபண்ணினார்கள்" என்கிறது 7ஆம் வசனம். எங்கள் ஊர்களில் இலையைத் தைப்பது கதையில் வரும் விஷயம் அல்ல. ஆலிலைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஈர்க்கால் தைத்துச் சாப்பாட்டு இலை செய்த வீடுகள் ஒரு தலைமுறைக்கு முன்வரை நிறைய இருந்தன. அதனால் அந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து ஈர்க்கு கிள்ளும் கிழவிகள்தான் என் மனத்தில் வருவார்கள். 1667இல் வெளிவந்த தம் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் ஆங்கிலக் கவிஞர் மில்டன் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆதிப் பெற்றோர் இலை பறித்தது, மலபாரிலும் தக்காணத்திலும் இந்தியர்கள் அறிந்த, விழுது இறக்கி மண்டபம்போல் பரவும் மரத்திலிருந்து என்று எழுதினார். நம் ஆலமரம்தான். அதன் இலை கேடயம்போல அகலம் என்றும் சேர்த்துவிட்டார். உள்ளங்கை அளவு ஆலிலையை அவர் பார்த்ததில்லை. ஆனால் லண்டனில் கண்பார்வை இழந்து உட்கார்ந்திருந்த ஒருவர் ஏதேனுக்கு நிழல் தர நம் மரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்காக அந்தக் கேடயத்தை மன்னித்துவிடலாம்.

அதே மில்டனின் காவியத்தில் முதல் பகுதியை 1895இல் 'சுவர்க்க நீக்கம்' என்று தமிழ்ச் செய்யுளாக்கியவர் எங்கள் பக்கத்துச் சைவர், வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார். கம்பனில் ஊறியவர். பின்னாளில் அவரே 'அகலிகை வெண்பா'வும் எழுதினார். தோட்டத்தை இழந்தவர்களின் கதைக்கும் கல்லாகிப்போனவளின் கதைக்கும் ஒரே கை போயிருக்கிறது. அவர் மனத்தில் இரண்டையும் இணைத்தது எது என்று கேட்க அவர் இல்லை. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் ஏவாளும் அகலிகையும் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் என்பதற்கு எனக்கு அந்த இரண்டு நூல்கள் சாட்சி.

இலைக்கு இன்னொரு போட்டியாளரும் நம் ஊர்க்காரர்தான்: வாழை. 14ஆம் நூற்றாண்டில் போப்பின் தூதராகச் சீனா வரை போய்விட்டு, திரும்பும் வழியில் கொல்லத்தில் தங்கி, இலங்கையையும் கண்ட மரிஞ்ஞொல்லி, ஆதாமும் ஏவாளும் மூடிக்கொண்டது வாழையிலையால் என்று எழுதினார். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வாழைக்குத் தாவரப் பெயர் வைத்தபோது அதில் பரதீசைக் குறிக்கும் 'பாரடிசியாக்கா' என்ற சொல்லைச் சேர்த்ததற்கும் இந்தப் பழைய நம்பிக்கைதான் காரணம். களக்காட்டு ஏத்தன் தோட்டங்களுக்கு நடுவே நடந்தால் அந்த நம்பிக்கை பொய் என்று சொல்ல மனம் வராது. ஆனால் ஒரு காற்றுக்கு நார் நாராகக் கிழியும் வாழையிலையைத் தைத்து உடுத்த முடியாது. ஒருவேளை அதுதான் விஷயமோ என்னவோ. மனிதன் தனக்குத் தானே தைத்துக்கொண்ட முதல் உடை நிற்காத உடை. அதனால்தான் அடுத்த உடையைக் கடவுள் செய்ய வேண்டியிருந்தது.

இனி ஏவாள். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வரும், வரட்டும். ஒரு திருமண ஆராதனையில், மணப்பெண் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போதே, பாவம் உலகத்துக்குள் பெண் வழியாக வந்தது, ஆகவே அடங்கி நட என்று ஒருவர் செய்தி கொடுத்ததை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஆதாம் வஞ்சிக்கப்படவில்லை, ஸ்திரீயே வஞ்சிக்கப்பட்டாள் என்று வருவது உண்மைதான். ஆனால் ரோமருக்கு எழுதிய நிருபம் ஒரே மனுஷனாலே பாவம் வந்தது என்று ஆதாமைத்தான் சொல்கிறது. ஆதியாகமமோ இன்னும் சுருக்கமாக முடித்துவிடுகிறது: "அவனும் புசித்தான்." கெஞ்சினாள், மயக்கினாள், அழுதாள் என்று ஒரு சொல் இல்லை. கொடுத்தாள், புசித்தான். அவ்வளவுதான்.

ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் பேராலயத்துக்கு பெர்ன்வார்ட் ஆயர் 1015இல் செய்வித்த வெண்கலக் கதவுகளில் இதை ஒரு சிற்பி அப்படியே பிடித்திருக்கிறார். கடவுள் ஆதாமை நோக்கி விரல் நீட்டுகிறார். கூனிக் குறுகிய ஆதாம் ஏவாளைக் காட்டுகிறான். ஏவாள் கீழே கிடக்கும் சர்ப்பத்தைக் காட்டுகிறாள். விரல் விரலாகக் குற்றம் கைமாறுகிறது. அந்தச் சிற்பி பெண்ணை மட்டும் குற்றவாளியாக்கவில்லை. தன் குற்றத்தை இன்னொருவர் மேல் தள்ளும் பழக்கத்தையே குற்றமாக்கினார். அந்தத் திருமணச் செய்தியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெண்கலத்தில் வார்த்துவிட்டார் என்று சொல்லலாம்.

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில்தான் மேலப்பாளையம். அங்கே ஆதம் நபியின் கதையைக் கேட்டால் இந்தச் சண்டைக்கே இடம் குறைவு. குர்ஆனில் ஷைத்தான் இருவரையும் சேர்த்தே வழிதவறச் செய்கிறான். இருவரும் சேர்ந்தே, எங்களுக்கு நாங்களே அநீதி செய்துகொண்டோம் என்று மன்றாடுகிறார்கள். ஹவ்வா என்று அவர்கள் சொல்லும் ஏவாளின் பெயர்கூட அதில் வருவதில்லை, அவள்மேல் தனிப்பழியும் வருவதில்லை. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தில் நபியின் தலைமுறையை ஆதத்திலிருந்துதான் தொடங்கினார். ஆதம் சரந்தீபில், அதாவது இலங்கையில், இறங்கினார், ஹவ்வா ஜித்தாவில் இறங்கினார், நெடுநாள் தேடி அரஃபாவில் சந்தித்தார்கள் என்ற மரபுக் கதையும் நம் கடற்கரைக்கு அந்நியம் அல்ல. இலங்கையில் பாவா ஆதம் மலை இருக்கிறது, 1344இல் இப்னு பதூதா அதில் ஏறிவிட்டுத்தான் தமிழ்க் கரைக்கு வந்தார்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது 7ஆம் அத்தியாயத்தின் 26ஆம் வசனம். ஆதமின் மக்களை நோக்கி, உங்கள் மானத்தை மறைக்கவும் அலங்காரமாகவும் உங்களுக்கு ஆடையை இறக்கித் தந்தோம், இறையச்சம் என்ற ஆடையே மேலானது என்று அது சொல்கிறது. அடுத்த வசனத்தில் ஷைத்தான் வருகிறான். அவன் செய்யும் வேலை, அந்த இருவரின் ஆடையைக் களைவது. கைத்தறிச் சத்தத்துக்குப் பேர்போன மேலப்பாளையத்துத் தெருக்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன். உடுத்துகிறவன் இறைவன், களைகிறவன் ஷைத்தான். இரண்டு வேதங்களும் இந்த இடத்தில் ஒன்றாக நிற்கின்றன.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், உடையைக் களையச் சொன்ன சட்டம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. என் அம்மாவழி ஆச்சி வடக்கன்குளத்துக்காரி. அவர்களுக்குக் கொள்வினை கொடுப்பினை எல்லாம் ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், அப்போதைய திருவிதாங்கூரில். அங்கே நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேல்சாதியார் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது. 1814இல் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் மேல்சட்டை போடலாம் என்று உத்தரவு வந்தது. மேல்சாதிப் பெண்கள்போல் தோள்சீலை என்னும் மேல்துணி போடக் கூடாது என்று 1829இல் அறிவிப்பும் வந்தது. போட்டவர்களின் துணியைச் சந்தையிலும் தெருவிலும் கிழித்தார்கள். 1858இன் கடைசியிலும் 1859இன் தொடக்கத்திலும் கலவரம் பெரிதானது. சென்னை ஆளுநர் ட்ரெவெல்யனின் நெருக்குதலுக்குப் பிறகு, 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மேலுடை அணியலாம் என்ற பிரகடனம் வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களின் முறையில் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னதும் இதே மண்ணின் இதே காயத்துக்குத்தான்.

ஆச்சி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் தன் ஆச்சியின் காலத்தில் சந்தைக்குப் போகும் பெண்கள் குப்பாயத்துக்குள் இன்னொரு குப்பாயம் போட்டுக்கொண்டு போனார்கள் என்று சொல்லுவாள். ஒன்றைக் கிழித்தால் ஒன்று இருக்குமாம். ஏதேனில் தண்டனை பெற்றவர்களைக்கூடக் கடவுள் உடுத்தித்தான் அனுப்பினார். இங்கே எந்தக் குற்றமும் செய்யாதவளை அரசன் பெயரால் அவிழ்க்கச் சொன்னார்கள்.

1381இல் இங்கிலாந்துக் குடியானவர்கள் எழுந்தபோது, ஜான் பால் என்ற குரு பிளாக்ஹீத் திடலில் அவர்களிடம் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி ஒன்று உண்டு: ஆதாம் மண்ணைக் கொத்தியபோதும் ஏவாள் நூல் நூற்றபோதும் கனவான் என்று யார் இருந்தார்? அவர் அதை வெறுமனே கற்பனை செய்யவில்லை. ஏவாளை நூற்பவளாகக் காட்டுவது கலையில் பழைய வழக்கம். ரோமில் 359இல் இறந்த ஜூனியஸ் பாசஸின் கல் சவப்பெட்டியில், ஆதாம் பக்கம் கோதுமைக் கதிர்க்கட்டு, ஏவாள் பக்கம் ஆடு. அவனுக்கு உழவு, அவளுக்குக் கம்பளி. அந்த முதல் பெண்ணின் கையில் கனியை விட நூல்தான் அதிக காலம் இருந்திருக்கும். இந்தக் கேள்வியைக் கோட்டாற்றுச் சந்தையில் யாராவது கேட்டிருந்தால் அதற்கும் பதில் கிடைத்திருக்காது.

நூலும் ஊசியும் எங்கள் பக்கம் வந்த வழி எனக்கு இதனால்தான் முக்கியமாகப் படுகிறது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் மிஷன் பள்ளிப் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, மிஷனரியும் மொழியறிஞருமான கால்டுவெலை 1844இல் மணந்து இடையன்குடிக்கு வந்து, தேரிக்காட்டு ஓரத்தில் அதே வேலையை அங்கிருந்த பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கால்டுவெலின் இலக்கணத்தை உலகம் அறியும். எலைசா பழக்கிய விரல்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. உடுக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் பேத்திகள், ஊருக்கே உடை தைப்பவர்களானார்கள். என் அம்மாவின் தையல் மெஷின் வரை அந்த நூல் வருகிறது என்று நான் நம்புகிறேன்.

4ஆம் நூற்றாண்டில் சிரியக் கவிஞர் எப்ரேம் பாடியதும் இந்த நூலைத்தான். ஆதாமும் ஏவாளும் தோட்டத்தில் மகிமையின் அங்கி உடுத்தியிருந்தார்கள், இழந்தார்கள், ஞானஸ்நான நீரில் அது திரும்பக் கிடைக்கிறது என்பது அந்த மரபு. அவருக்கும் முன்னால், 240களில், சிரியாவின் தூரா யூரோப்போஸில் ஒரு வீட்டைக் கோயிலாக்கியவர்கள், ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே நல்ல மேய்ப்பனை வரைந்து, அவர் காலடியில் ஆதாமையும் ஏவாளையும் சின்னதாக வரைந்து வைத்தார்கள். நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ ஓவியங்களில் அது ஒன்று.

எங்கள் ஓய்வுநாள் பள்ளி நாடகத்தில் ஒவ்வொரு முறையும் நெட்டிலிங்க இலையைக் கோத்துப் பிள்ளைகளுக்குக் கட்டிவிட்டு, அட்டைப் பட்டயத்தோடு தூதன் வந்ததும் திரையை இழுத்துவிடுகிறார்கள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு 21ஆம் வசனத்தையும் நடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். உடைகளை அம்மா தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டாள். கடவுளாக யார் வருவது, மேடையில் கடவுளைக் காட்டலாமா என்பதில் கமிட்டிக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை. குரல் மட்டும் போதும் என்கிறார்கள் சிலர். குரலால் உடுத்த முடியாது, கை வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மணப்பாடு, காமநாயக்கன்பட்டி, வடக்கன்குளம் பக்கத்துப் பழைய கோயில்களில், பீடத்து மரச் செதுக்கலிலோ திருவிழாத் திரைச் சீலையிலோ இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். ஒத்திகை தொடங்கும் முன் பார்த்துவிட வேண்டும்.